ஆபீஸ்ல மர்ம வாடையா? ரூம் ஸ்பிரேவை முதல்ல கீழே வைங்க!

திங்கட்கிழமை காலை ஆபீஸ் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு வாடை. அழுகின முட்டையையும் சாக்கடையையும் கலந்த மாதிரி. அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. டீ குடிக்க வெளியே போய்விட்டுத் திரும்பினால், மறுபடி 'குப்'பென்று அடிக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்த கதை இது. சென்னையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. மூன்று வாரம் அந்த வாடையோடு குடித்தனம் நடத்தினோம்.

முதல் சந்தேகம், செத்த எலி. ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். தூசியும் ஒரு பழைய ரப்பர் பந்தும்தான் கிடைத்தன. அடுத்த சந்தேகம், நெத்திலிக் கருவாடு கொண்டு வரும் தூத்துக்குடி அண்ணன் மேல். பாவம், ஒரு வாரம் தயிர் சாதம் சாப்பிட்டார். வாடை அசையவில்லை. கடைசியில் எல்லோரும் வந்து நின்ற இடம், ஹவுஸ்கீப்பிங் அக்கா. "பாத்ரூமை ஒழுங்கா கழுவுறதே இல்ல" என்று எல்லோர் முன்னாலும் அவருக்குத் திட்டு. ஒரு நாள் சம்பளமும் கட். அக்கா தினமும் மூன்று முறை ஃபினாயில் போட்டுக் கழுவினார். நாங்கள் மூலைக்கு மூலை ரூம் ஸ்பிரே அடித்தோம். மல்லிகைப்பூ வாசம் அடிக்கிற சாக்கடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்!

வேறொரு குழாயைச் சரிசெய்ய வந்த வயதான பிளம்பர் ஒருவர்தான், "எப்ப அடிக்குது? எங்க அதிகமா இருக்கு? எப்ப இல்லை?" என்று கேட்டார். மூன்று வாரமாக யாரைத் திட்டலாம் என்று யோசித்த எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை.

இரண்டு நாள் நான் போனில் குறித்துவைத்தேன். வெளியே போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து, ஒவ்வோர் அறையாக மோந்து பார்ப்பது. ஏனென்றால் நம் மூக்கு ஒரே வாடைக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். உள்ளேயே இருப்பவரால் துப்பறிய முடியாது. குறிப்பைப் பார்த்தால், பாத்ரூம் பக்கம் வாடை குறைவு. மீட்டிங் ரூம் பக்கம்தான் அதிகம். லீவு முடிந்து வரும் நாளில் இன்னும் மோசம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கூடுகிறது.

பிளம்பர் நேராக மீட்டிங் ரூமை ஒட்டிய ஸ்டோர் ரூமுக்குப் போனார். பழைய ஃபைல் பெட்டிகளை நகர்த்தினால், தரையில் ஒரு சின்ன ஜாலி. அந்த இடம் எப்போதோ பாத்திரம் கழுவும் இடமாக இருந்திருக்கிறது.

தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே ஒரு கிண்ணம் போன்ற அமைப்பு இருக்கும். பிளம்பர்கள் 'நானி ட்ராப்' என்பார்கள். வாஷ் பேசினுக்குக் கீழே குழாய் வளைந்து போகிறதே, அதுவும் இதே வேலைக்குத்தான். அதில் எப்போதும் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும் மூடியே அந்தத் தண்ணீர்தான். மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் காய்ந்துபோகும். அப்புறம் சாக்கடைக் குழாய்க்கும் உங்கள் மேஜைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஏசிக்காக ஜன்னலை எல்லாம் சாத்தியாச்சு. திறந்திருந்த வழி அந்த ஜாலிதான். லீவு நாளில் மூடிக் கிடந்த அறைக்குள் வாடை தங்கிவிட, அதுதான் திங்கட்கிழமை எங்களை வரவேற்றிருக்கிறது.

ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினார். மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாதாம். சாயங்காலத்துக்குள் வாடை போயே போச்சு. மூன்று வாரத் தலைவலிக்கு மருந்து, ஒரு பக்கெட் தண்ணீர்!

எல்லா வாடையும் இப்படிச் சாதுவாக முடியாது. ஏசி போட்ட முதல் சில நிமிடங்கள் மட்டும் அழுக்கு சாக்ஸ் வாடை வந்தால், உள்ளே ஈரத் தூசியில் கிருமி வளர்ந்திருக்கும். சர்வீஸுக்குச் சொன்னால் போதும். ஆனால் மீன் கருகுகிற மாதிரியோ பிளாஸ்டிக் தீய்கிற மாதிரியோ அடித்தால், சமையலறையைத் தேடாதீர்கள். ஸ்விட்ச் போர்டோ வயரோ சூடேறிக் கொண்டிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பேன்ட்ரியில் சிலிண்டர் இருக்கிற ஆபீஸ் என்றால் இன்னும் உஷார். கேஸுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்ததில் கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே நாற்றம் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அந்த எச்சரிக்கையின் மேல் ஸ்பிரே அடிப்பதை என்னவென்று சொல்ல? சந்தேகம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சாக்கடை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசமான ஆள். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கே மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டதே என்று நினைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் சில நொடிகளில் மயங்கி விழுவது இதனால்தான். "தொட்டியில ஆளை இறக்கிப் பாத்துடலாம் சார்" என்று எங்கள் ஆபீஸிலும் ஒருவர் யோசனை சொன்னார். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் அப்படி ஆளை இறக்குவது குற்றம்.

அக்காவின் ஒரு நாள் சம்பளம் என்ன ஆச்சு? நானும் கருவாடு அண்ணனும் அட்மினுக்கு மெயில் போட்டோம். அடுத்த மாதம் வந்துவிட்டது. மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் ஸ்டோர் ரூமில் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றுகிற வேலையையும் அக்காவிடமே கொடுத்துவிட்டார்கள்.