பாட்டில் கணக்கும் எடைக் கணக்கும்

அரை லிட்டர் சலைன் பாட்டில் ஒன்றில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு ஒரே நாளில் ஆறு பாட்டில் ஏற்றினால் 27 கிராம். இதைக் கேஸ் ஷீட்டில் ‘ஐ.வி. ஃபுளூயிட்ஸ்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். ஆன்டிபயாடிக்குக்கு அளவும் நேரமும் எழுதும் கை இதற்கு மட்டும் சோம்பல்படுகிறது.

முதல் இரவில் சிறுநீர் குறையத்தான் செய்யும். வலி, குமட்டல், உடலில் பட்ட காயம் எல்லாம் சேர்ந்து ஏ.டி.எச். ஹார்மோனைச் சுரக்கவைக்க, சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோடியத்தையும் லேசில் விடாது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சீராக, கைகால் கதகதப்பாக இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. யூரின் பையைப் பார்த்துப் பதறி இன்னொரு பாட்டிலை மாட்டினால், அது குடல் சுவரிலும் நுரையீரலிலும் போய்த் தேங்கும். வீங்கிய குடல் அசைய நாளாகும்.

குளுக்கோஸ் பாட்டில் வேறு வகை வம்பு. சர்க்கரையை உடல் எரித்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது கலந்து ரத்தத்தில் சோடியம் சரிந்தால் தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகும். ‘தெம்புக்கு ஒண்ணு போடுங்க டாக்டர்’ என்கிறார்கள் உறவினர்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதில் என்ன தெம்பு வந்துவிடும்?

அதற்காகத் திரவத்தை இறுக்கிப் பிடிப்பதும் ஆகாது. வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 3,000 பேரை வைத்து நடந்து 2018-ல் வெளியான ‘ரிலீஃப்’ ஆய்வில், குறைவாகத் திரவம் பெற்றவர்களில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது; தாராளமாகப் பெற்றவர்களில் அது 5 சதவீதம்.

பிறகு எதை நம்புவது? எடை மெஷினை. ஒரு லிட்டர் நீர் உடம்பில் தங்கினால் ஒரு கிலோ கூடும். வேர்வையும் மூச்சில் போகும் ஈரமும் எந்த சார்ட்டிலும் ஏறுவதில்லை, எடையில் தெரிந்துவிடும். இரண்டே நாளில் மூன்று கிலோ கூடினால் அது சதை அல்ல. ஆனாலும் பல வார்டுகளில் காலையில் டெம்பரேச்சர் பார்ப்பவர்கள் எடை பார்ப்பதில்லை.

பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல்படி, வாய்வழி எதுவும் எடுக்க முடியாத 60 கிலோ நோயாளிக்கு அன்றாடத் தேவை ஒன்றரை முதல் 1.8 லிட்டர் நீர். சோடியமோ, ஒரு சலைன் பாட்டிலில் இருப்பதைவிடக் குறைவு. மூக்குக் குழாயிலும் வயிற்றில் பொருத்திய பையிலும் போவதை அளந்து, பொட்டாசியத்தோடு தனியாக ஈடுகட்ட வேண்டும். கஞ்சியும் மோரும் இறங்கத் தொடங்கிவிட்டால் டிரிப்ஸை அன்றே கழற்றிவிடலாம்.

(கட்டுரையாளர், மயக்கவியல் மருத்துவர்)