கேரலுக்கு மைனஸ் ட்ராக் வேண்டாம்

எங்கள் பாடகர் குழுவில் இந்த ஆண்டும் அந்தப் பேச்சு எழுந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கு மைனஸ் ட்ராக் வாங்கிவிடலாம், வாத்திய இசை முழுவதும் பதிவாகவே வந்துவிடும், அதன்மேல் நாம் பாடினால் போதும், பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இரவுப் பணி முடித்துத் தூக்கக் கண்ணோடு வருகிறவர்களும், நாங்குநேரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும்தான் இதைக் கேட்கிறார்கள். அவர்களுடைய சிரமம் எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பாளையங்கோட்டையில் தீபாவளி கழிந்ததும் எங்கள் பயிற்சி தொடங்கிவிடும். ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஹாலில் எல்லாரும் வந்துசேர மாலை ஏழு மணி ஆகும். ஆஸ்பத்திரி நர்ஸ், அரசுப் பேருந்து கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியையான நான். யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. கார்த்திகை மழையில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். யாராவது ஒருவர் பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்துவிடுவார்.

எங்களில் பெரும்பாலோருக்கு ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. சோல்ஃபா தெரியும். டோ, ரே, மீ என்ற ஸ்வரங்களை எழுத்தாலும் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் குறிக்கும் முறை அது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் இதற்கு வழி கண்டார். ஜான் கர்வென் என்ற போதகர் அதை வளர்த்து ஊரெங்கும் பரப்பினார். வாத்தியம் வாங்க வசதியில்லாத சாதாரண மக்களும் பிள்ளைகளும் பார்த்துப் பாட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மிஷன் பள்ளிகள் வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கும் அது வந்தது. நம் சட்ஜத்தைப் போலவே டோவையும் எந்தச் சுதியிலும் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்த்திராத ஒரு கண்டக்டர், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேஸ் குரலை முழுவதும் பாடிவிடுகிறார்.

குழு சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பிரிந்து உட்காரும். சொப்ரானோவுக்கு மெட்டு கிடைத்துவிடும். ஆல்டோ பாடும் எங்களுக்குப் பல பாடல்களில் ஒரே ஸ்வரம் நான்கைந்து முறை திரும்பத் திரும்ப வரும். தனியாகப் பாடிப் பார்த்தால் அதில் பாட்டே இல்லாததுபோல இருக்கும். புதிதாக வரும் பெண் பிள்ளைகள் முதல் வாரத்தில் முகம் வாடிப்போவார்கள். “அக்கா, எங்களையும் சொப்ரானோவில் போடச் சொல்லுங்க” என்பார்கள். “பொறுத்துக்கோம்மா” என்பேன். நாலு குரலும் தனித்தனியே படித்து, பிறகு ஒரு நாள் குழுவை நடத்தும் மாஸ்டர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லிச் சேர்த்துப் பாடவைப்பார். அந்த ஒற்றை ஸ்வரம் எதற்கென்று அப்போது அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடும். அது இல்லாவிட்டால் மெட்டுக்குக் கீழே தரையில்லை. அதன்பிறகு அந்தப் பிள்ளை சொப்ரானோவைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வாத்தியம் இல்லாமல் பாடும் குழுவுக்கு இயல்பாகவே சுதி இறங்கும். களைப்பு, குளிர், கவனக்குறைவு எல்லாம் சேர்ந்து மூன்றாவது சரணம் முடிவதற்குள் அரை ஸ்வரம் கீழே போயிருக்கும். மாஸ்டர் கீபோர்டைத் தட்டிக் காட்டுவார். “டீச்சர், இறங்கிட்டீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தொடங்குவார். சுதியைப் பிடித்து நிறுத்தப் பக்கத்துக் குரலைக் கேட்பதைத் தவிர வழி கிடையாது. நீண்ட வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். ஆகவே பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கவனித்து, அவர் விடாத இடத்தில் நாம் விட வேண்டும். எழுபது வயதுப் பெரியவருக்கு மூச்சு குறைவு. அவருக்காகப் பதினேழு வயதுப் பையன் அந்த இடத்தைத் தாங்கிப் பாடுவான். இதையெல்லாம் யாரும் தாளில் எழுதித் தருவதில்லை. சேர்ந்து பாடிப் பாடித்தான் வரும். பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

மைனஸ் ட்ராக்கில் இதற்கெல்லாம் வேலையே இல்லை. வேகத்தை அதுவே முடிவு செய்கிறது. பெரியவருக்காக ஓர் இடத்தில் நிதானிக்க மாஸ்டரால் முடியாது. சுதி இறங்கினாலும் ஸ்பீக்கர் சத்தம் அதை மூடிவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டிய தேவையில்லை, ட்ராக்கைக் கேட்டால் போதும். ட்ராக்குக்கு மாறிய சில குழுக்களை நான் போய்க் கேட்டிருக்கிறேன். முதலில் ஆல்டோவும் டெனரும் காணாமல் போகின்றன. கொஞ்ச காலத்தில் எல்லாரும் மெட்டையே பாடுகிறார்கள். பிறகு நன்றாகப் பாடும் இரண்டு பேருக்கு மைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் பின்னால் சீருடையோடு நிற்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஊர் பாடிய பாட்டை இரண்டு பேர் பாடுகிறார்கள்.

பாட்டு எடுபட வேண்டுமானால் பெரிய இசை வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் உலகம் முழுவதும் பாடும் ‘சைலண்ட் நைட்’ 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃப் சிற்றூரில் முதன்முதலாகப் பாடப்பட்டது. உதவிக் குரு யோசப் மோர் டெனர் பாடினார், பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் க்ரூபர் பேஸ் பாடினார். வாத்தியம் என்று உடன் இருந்தது ஒரு கிட்டார்தான். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கேரல் ஆராதனை 1918-ல் தொடங்கியது. 1928-ல் பிபிசி அதை முதன்முதலாக வானொலியில் ஒலிபரப்பியது. இன்று உலகமே கேட்கும் அந்த ஆராதனை ஒரு சிறுவனின் தனிக்குரலில், எந்த வாத்தியமும் இல்லாமல் தொடங்குகிறது. அந்தச் சிறுவன் யார் என்பதைக்கூடத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் சொல்வார்கள். பயிற்சி பெற்ற குழுவில் யாரை அழைத்தாலும் பாட முடியும் என்ற நம்பிக்கை அது.

எங்களுக்கே ஒரு சோதனை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை வெள்ளம் புரட்டிப்போட்டது. தாமிரபரணி கரை தாண்டியது. எங்கள் குழுவிலேயே சிலர் வீட்டுக்குள் தண்ணீர். ஹால் முழுக்க அரிசி மூட்டையும் போர்வையும் அடுக்கியிருந்தோம். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கேரல் வேண்டாம் என்று சிலரும், இப்போதுதான் வேண்டும் என்று சிலரும் சொன்னார்கள். பாதிக் குழுதான் வந்தது. கீபோர்டும் மைக்கும் இல்லை. மாஸ்டர் வாயால் சுதி கொடுக்க, எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் பாடினோம். பாட முடிந்ததற்குக் காரணம், தீபாவளி கழிந்ததிலிருந்தே நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பழகியிருந்ததுதான். வீடிழந்து முகாமிலிருந்து வந்த ஓர் அம்மா எங்களோடு நின்று பாடினார். அவருக்கு எங்கள் பாட்டு ஒன்றும் புதிதில்லை, இளம்பெண்ணாக இருந்தபோது அவரும் ஆல்டோதான்.

நேரமில்லை என்பது உண்மையான குறை. அதற்கு வழி பாட்டைக் குறைப்பதுதான். எல்லாருக்கும் ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ் பாட ஆசை இருக்கிறது. அது பெரிய வேலை. மூன்று வாரத்தில் அதைப் பிடிக்க முடியாத குழு, பன்னிரண்டு பாடலுக்குப் பதில் ஆறு எளிய பாடலை எடுக்கட்டும். நான்கு குரல் வராவிட்டால் இரண்டு குரலில் பாடட்டும். நம் கையிலேயே வேதநாயகம் சாஸ்திரியார் இருக்கிறார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்தவர். அவருடைய கீர்த்தனைகளுக்கு ராகமும் தாளமும் ஒற்றை மெட்டும் போதும். ஜால்ராவும் கைத்தாளமுமாக ஊர் முழுவதும் பாடலாம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அவரவர் குரலைப் பாடிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவர்கள் ரயிலில் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். இந்தப் பதிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது பாடக் கற்றுத்தருகிறது, பாடுகிறவருக்குப் பதிலாக நிற்பதில்லை.

சபைக் கமிட்டியாருக்கு என் வேண்டுகோள்: ட்ராக்குக்கும் சவுண்டு சர்வீஸுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சோல்ஃபா சொல்லிக்கொடுக்கச் செலவிடுங்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கேட்க வருகிறவர்களே, யூடியூபில் கேட்டதோடு எங்களை ஒப்பிடாதீர்கள். இந்த டிசம்பரில் உங்கள் ஊர்க் குழு ஒரு பாட்டையாவது ட்ராக் இல்லாமல் பாட வேண்டும் என்று கேளுங்கள். பாடத் தெரிந்தால் அடுத்த பயிற்சிக்கு வந்துவிடுங்கள், ஆல்டோவில் இடம் இருக்கிறது.