கம்பெனி காயிலா, கட்டினதா?

மின்விசிறியோ தண்ணீர் மோட்டாரோ பழையதாக விலைக்கு வரும்போது, வாங்க வந்தவர் முதலில் கேட்பது அதன் வயதை அன்று, "கம்பெனி காயிலா, கட்டினதா?" என்பதைத்தான். கட்டினது என்று விற்பவர் ஒப்புக்கொண்டால், செம்பா அலுமினியமா என்ற இரண்டாம் கேள்வி உடனே வரும். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியைக் கண்ணால் காண வழியில்லாத பொருளை, கேட்டும் சொல்லியுமே கைமாற்றவேண்டும் என்ற இந்த நல்ல வழக்கம், எலெக்ட்ரிக் கிதாரின் பழைய பிக்கப்புகளை விற்றும் மாற்றியும் கொள்கிற எங்களைப் போன்றோரிடையே இன்னும் வேரூன்றாமல் இருப்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

பிக்கப் என்பது தந்திகளுக்கு நேர் கீழே பதிந்திருக்கும் காந்தமும், அதைச் சுற்றிய செப்புக் கம்பியுமே. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைய, அந்த அசைவினால் காயிலில் மிக நுண்ணிய மின்சாரம் பிறந்து, ஒலிபெருக்கியை அடைந்து நாதமாகிறது. பாரடே 1831-ல் கண்ட தத்துவத்தை அமெரிக்கரான ஜார்ஜ் போஷாம் சரியாக நூறாண்டு கழித்து ஒரு கிதாரில் பொருத்தினார். சின்னஞ்சிறு மாண்டலினைக் கர்நாடக சங்கீத மேடையின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்த யு. ஸ்ரீநிவாஸ், கமகங்களின் நீண்ட இழைவுக்கு ஐந்து தந்திகள் கொண்ட மின் மாண்டலினையே கையாண்டார் என்பதை நினைக்கும்போது, இந்தச் சிறு காந்தத்துண்டு நம் சங்கீதத்துக்கும் அந்நியமன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கம்பியின் பருமன் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர், தலைமயிரைப் போன்றது. ஒற்றைக் காயில் பிக்கப் ஒன்றில் அது எண்ணாயிரம் சுற்று வரை சுற்றப்பட்டிருக்கும். அதில் ஓரிடத்தில் அறுந்தாலும் பிக்கப் ஊமையாகிவிடும். எங்கள் திருப்பாலைக்குடியில், பாக் விரிகுடாவின் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்பது போலவே இதையும் தின்கிறது. பழைய ஃபெண்டர் வகைப் பிக்கப்புகளில் கம்பி நேராகக் காந்த உருளைகளின் மீதே சுற்றப்படுவதால், அவற்றில் பிடித்த துரு உட்சுற்றின் மேற்பூச்சை மெல்ல அரிக்கிறது. வெளியே மூடி பளபளவென்று இருக்க, உள்ளே கம்பி பச்சை பூத்து அறுந்துபோகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், "நன்றாக வேலை செய்கிறது" என்ற ஒரே வாக்கியத்தை நம்பி, வெளியூர்க்காரர் ஒருவரிடம் கூரியரில் வரவழைத்த பிக்கப்பை மல்டிமீட்டரில் 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். ஆறு என்று காட்டவேண்டிய திரையில் இடது ஓரத்தில் ஒற்றை '1' மட்டும் நின்றது. காயில் அறுந்தது என்பதற்கு அதுவே அடையாளம். போதாக்குறைக்கு, ஈயம் உருக்கி எடுக்கவேண்டிய ஒயரைக் கத்தரியால் வெட்டி விரற்கடை நீளமே மிச்சம் வைத்திருந்தார்கள். ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனபோது, கம்பியின் நுனியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மிஷின்ல நிக்காதுண்ணே, தொட்டாலே அறுந்துரும்" என்று அவர் உள்ளதைச் சொல்லித் திருப்பித் தந்தார். அவ்வளவு நேர்மையை விற்றவரிடமும் எதிர்பார்த்தது மிகையாகாது.

பெரிய விலைக்குப் போகும் பிக்கப்புகளிலும் இந்த ஏமாற்று உண்டு. இரைச்சலை நீக்கும் இரட்டைக் காயில் பிக்கப்பை வகுத்த கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-ல் பெற்றார். இடைக்காலத்தில் 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்ற பொருளில் அடியில் ஒட்டிய சிறு சீட்டுள்ள பிக்கப்புகள் இன்று லட்சக்கணக்கில் விலைபோவதால், அந்தச் சீட்டையே போலியாக அச்சடிப்பவர்களும் தோன்றினார்கள். நம் கைமாற்றுகள் சில ஆயிரங்களுக்குள் முடிபவை. ஆனால் இன்னிசைக் குழுவில் வாசிக்கும் பையனுக்கு அது பல கச்சேரிகளின் ஊதியம்.

சென்ற வைகாசியில் என்னுடைய மூன்று பிக்கப்புகளை விற்க நேர்ந்தபோது, ஒவ்வொன்றின் அடியிலும் காகிதம் ஒட்டி, மீட்டர் காட்டிய எண்ணையும், ஒயரின் நீளத்தையும், மறுபடி கட்டினதில்லை என்பதையும் எழுதினேன். பக்கத்து வீட்டுப் படகுக்காரரிடம் பழைய திசைகாட்டியை இரவல் வாங்கி, எட்ட வைத்தபடியே, எதற்கு எந்த முனை மேலே என்று பார்த்துக் குறித்தேன். காந்தமுனையும் சுற்றும் பொருந்தாத இரண்டைச் சேர்த்து ஒலிக்கவிட்டால் நாதம் மெலிந்து தகரம் போலாகிவிடும். மூன்றாவது அறுந்திருந்தது, அதன் மேல் 'அறுந்தது' என்றே எழுதினேன்.

வாங்க வந்த இளைஞர் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் இறங்கி வரும்போது உச்சிவேளை. தம்முடைய மீட்டரையே பையில் கொண்டுவந்திருந்தார். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது. முற்றத்தில் வைத்து அளந்தவர் நிமிர்ந்து, "ஐயா, 5.9-னு எழுதியிருக்கீங்க, 6.1 காட்டுதே" என்றார். விடியற்காலையில் அளந்தது தம்பி, செம்புக்கு வெயில் ஏறினால் தடையும் ஏறும், பத்து டிகிரிக்கு நூற்றில் நாலு என்றேன். அவர் இரண்டையும் நிழலில் பானையடியில் வைத்துவிட்டு, மோர் குடித்து முடியும்வரை காத்திருந்து மறுபடி அளந்தார். 6.0 காட்டியது. காகிதத்தை வாங்கி, என் எண்ணுக்குப் பக்கத்தில் 'காலை' என்றும், தம் எண்ணை எழுதி 'மதியம்' என்றும் குறித்துக்கொண்டார். பிறகு, காந்தத்துக்காக அறுந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.