மாட்டுக்குப் பல் பார்ப்போம்; மின்சார வண்டிக்கு எதைப் பார்ப்போம்?

உழவு மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கின்றான், சுழி பார்க்கின்றான், ஏரிற் பூட்டி நடத்தியும் பார்க்கின்றான். ஒரு பரப்புக் காணி வாங்குபவர் நொத்தாரிசிடம் சென்று பழைய உறுதிகளைத் தேடுவித்து, ஈடு உண்டோ, வழக்கு உண்டோ என ஆராய்ந்த பின்னரே கையொப்பமிடுகின்றார். இத்துணை விழிப்புடைய நம்மவர்கள், வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்துப் பழைய மின்சார மோட்டார் வண்டியொன்றை வாங்கும்போது மட்டும் ஏமாறுவது ஏன்? அவர்களது அறியாமையே காரணமென்று கூறிவிடுவது எளிது. அஃது உண்மையன்று. பார்க்க வேண்டியதைப் பார்க்க வழிசெய்யாத ஆட்சிமுறையே காரணம் என்பது நமது துணிபு.

தெல்லிப்பழையில் நாமறிந்த ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுவோம். அவர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றவர்களுள் அவரும் ஒருவர். 2021 டிசெம்பரில் 177 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவாயிற்று. பணமிருந்தும் பெற்றோல் இல்லை. நோயாளியை ஏற்றிச் செல்லவும் வண்டி இல்லை. அந்த நாட்களின் வடு மனத்தில் ஆறாதிருந்தமையால், பணிக்கொடையில் எஞ்சியிருந்ததையும், கமஞ்செய்யும் தம்பி இரு போக வெங்காயத்திற் கண்ட பணத்தையும் ஒன்று சேர்த்து, தென்னிலங்கையில் ஒரு வியாபாரியிடம் பழைய மின்சார வண்டியொன்றை வாங்கினார். ஒருமுறை மின்னேற்றினால் நூறு கிலோமீற்றர் ஓடுமென்றார் வியாபாரி. மின்கலத்தின் வலிமையைக் காட்டும் கோடுகள் அனைத்தும் ஒளிவிட்டன. வண்டியை லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்தார்கள்.

இரண்டு மாதங்கள் செல்லவில்லை. கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. இன்று அவ்வண்டி பருத்தித்துறைக்குச் சென்று திரும்புவதற்குள் எச்சரிக்கை விளக்கைக் காட்டுகின்றது. வியாபாரியிடம் முறையிட்டபோது அவர் ஒரு பத்திரத்தை எடுத்துக் காட்டினார். வண்டியை உள்ளது உள்ளபடியே ஏற்றுக்கொண்டதாக அதில் நம்மவர் ஒப்பமிட்டிருந்தார். பத்திரம் சிங்களத்தில் இருந்தது. ஒப்பம் மட்டுமே தமிழில் இருந்தது!

இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நமது வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டு வீதிகளிற் பெரிதும் காணப்படும் மின்சார வண்டி, 2010 டிசெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் ஆகும். வரி குறைவாயிருந்த 2015 ஆம் ஆண்டளவில் இவ்வகை வண்டிகள் ஆயிரக்கணக்கில் இங்கு வந்திறங்கின. முதலில் வந்தவற்றின் மின்கலம் 24 கிலோவாற்று மணி கொள்ளளவுடையது; 192 சிறு கலங்களைக் கொண்டது. அவற்றுட் சில தளர்ந்தாலும் முழு வண்டியின் ஓட்டமும் தளரும். புதிதாயிருந்தபோதே அமெரிக்க அரசாங்கத்தின் கணிப்பின்படி அது ஒரு மின்னேற்றத்தில் ஓடிய தூரம் ஏறத்தாழ 117 கிலோமீற்றர்தான். வண்டியின் முகப்பிலே மின்கலத்தின் வலிமையைப் பன்னிரண்டு கோடுகள் காட்டும். முதற்கோடு மறையும்போதே ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு வலிமை போய்விடுகின்றது. நான்கு கோடுகள் மறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதென்பது பொருள்.

இம்மின்கலத்திற்கு வெப்பமே பெரும்பகை. அதனைக் குளிர்விக்கத் தனிப்பொறி எதுவும் அவ்வண்டியில் இல்லை; காற்றுப் பட்டு ஆறினால் உண்டு. அமெரிக்காவின் வெப்பம் மிகுந்த அரிசோனா மாநிலத்தில், 2012 ஆம் ஆண்டிலேயே வண்டிச் சொந்தக்காரர்கள் இதுபற்றிக் கிளர்ந்தெழுந்தனர். அதன் பயனாக, ஐந்து ஆண்டுகளுக்குள் அல்லது ஏறத்தாழ 96,000 கிலோமீற்றருக்குள் ஒன்பது கோடுகளுக்குக் கீழே வலிமை குறைந்தால் தாமே சீர்செய்து தருவதாகக் கம்பெனியார் அந்நாட்டு மக்களுக்கு உறுதியளித்தனர். அங்கே மக்கள் கேட்டார்கள், பெற்றார்கள். பங்குனி, சித்திரை வெயிலிற் காயும் நமது வலிகாமத்து மண்ணில், பத்தாண்டு முதிர்ந்த மின்கலத்திற்கு உத்தரவாதம் தருவார் யார்?

இதிற் சூதும் புகுந்திருக்கின்றது. மின்கலத்தின் வலிமையைக் கணக்கிடும் கருவியின் நினைவை அழித்துத் தொடக்கநிலைக்கு மாற்றிவிட முடியும். அவ்வாறு செய்தால் நலிந்த மின்கலமும் சில காலத்திற்குப் பன்னிரண்டு கோடுகளையும் காட்டும். வண்டி ஓட ஓடக் கருவி உண்மையைக் கற்றுக்கொள்ளும், கோடுகள் உதிரும். அதற்குள் பணம் கைமாறி, உரிமையும் மாறிவிடும்.

நமது மக்கள் பழைய வண்டிக்குப் புதியவர்களல்லர். 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், ஒஸ்ரின் வண்டிகளையும் மொறிஸ் மைனர் வண்டிகளையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் நமது திருத்துநர்கள். இயந்திரத்தின் இரைச்சலைக் காதாற் கேட்டே அதன் நோயைக் கூறும் வல்லமை அவர்களுக்கு உண்டு. ஆனால் மின்சார வண்டி பேசுவதில்லை. நல்ல மின்கலமும் நலிந்த மின்கலமும் ஒரே அமைதியுடனேயே ஓடுகின்றன. கண்ணும் காதும் உதவாத இடத்திற் கருவியும் சட்டமும் உதவ வேண்டாமா?

சட்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்கின்றது. சோதித்துப் பார்த்தும் புலப்படாத குறைக்கு அவர் பொறுப்பாளியாவார். ஆயினும் இப்பாதுகாப்பை உடன்படிக்கையினால் விலக்கிக்கொள்ளவும் அதே சட்டம் இடமளிக்கின்றது. சிங்களப் பத்திரத்தில் இடும் ஒப்பம் அங்கேதான் உயிரைக் குடிக்கின்றது. 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்றி விற்பதைத் தடுக்கின்றது; ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்திலே முறையிடல் வேண்டும். கோடுகள் உதிர்ந்து, வியாபாரியின் பின்னால் அலைந்து திரியும்போதே அந்த மூன்று மாதங்களும் கழிந்து விடுகின்றன.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 2012 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வியாபாரி விற்ற பொருளில் ஆறு மாதங்களுக்குள் தோன்றும் குறை விற்பனையின்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறன்று என நிறுவும் பொறுப்பு வியாபாரியுடையது. பழைய மோட்டார் வண்டிக்கும் அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியமோ, 2027 பெப்ரவரி முதல் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்சார வண்டியின் மின்கலத்திற்கும் அதன் பிறப்பும் நிலையும் கூறும் பதிவேடு வேண்டுமெனச் சட்டம் இயற்றியுள்ளது.

நம் நாட்டில் நடப்பது யாது? பெற்றோல் வண்டியும் டீசல் வண்டியும் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்று பெற்றாலன்றி வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. மின்சார வண்டிக்குப் புகை இல்லை. ஆகவே அச்சோதனையும் இல்லை. அதற்கு ஈடாக வேறு சோதனையேனும் உண்டா? அதுவும் இல்லை. நெருப்பில்லாமற் புகையாது என்பார்கள். இங்கே புகையே இல்லை. வாங்கியவனின் வயிறு மட்டும் எரிகின்றது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மின்சார வண்டியொன்று கைமாறும்போது, தகுதி பெற்ற நிலையமொன்று கருவியினாற் சோதித்தளித்த மின்கலச் சான்று கட்டாயமாக்கப்படல் வேண்டும். வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைக் கொண்ட அதிகாரசபை, விற்பனைப் பத்திரங்கள் வாங்குபவரின் மொழியிலும் இருத்தல் வேண்டுமெனப் பணித்தல் வேண்டும். தமிழும் அரச கரும மொழியென்று அரசியலமைப்பில் எழுதி வைத்துவிட்டால் மட்டும் போதாது. தமிழன் பணத்தை எண்ணிக் கொடுக்கும் மேசையிலும் அம்மொழி இருத்தல் வேண்டும். சோதனை நிலையமும் கொழும்பில் மட்டுமன்றி வடக்கிலும் அமைதல் வேண்டும். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. நமது இளைஞர்களைப் பயிற்றுவிக்க அதனைப் பயன்படுத்தலாம். வருமான அனுமதிப்பத்திரம் வழங்குவது மாகாணத்தின் அலுவல். மாகாணசபை இயங்கியிருப்பின் இதனை அங்கேயே தட்டிக் கேட்டிருக்கலாம். 2018 ஒக்டோபரில் வட மாகாணசபையின் பதவிக்காலம் முடிந்தபோது உரிய காலத்தில் தேர்தல் நடத்தாது விட்டதன் கேடு, இத்தகைய சிறு காரியங்களிலும் வந்து விடிகின்றது.

மின்சார வண்டியே வேண்டாமென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. மேடு பள்ளமற்ற நமது குடாநாட்டிற்கு, குறுந்தூரம் ஓடுபவர்க்கு, கூரையிற் காயும் வெயிலையே எரிபொருளாக்கக்கூடிய அவ்வண்டி மிக ஏற்றது. நல்ல பொருளுக்குக் கெட்ட பெயர் வராதிருக்கவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

சட்டம் வரும்வரை நமது மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளல் வேண்டும். முகப்பிலுள்ள கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு கலத்தின் நிலையையும் வாசிக்கும் கருவியுடன் விபரமறிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முழுதாக மின்னேற்றி, அரைநாளேனும் ஓட்டிப் பாருங்கள். வியாபாரி வாயாற் கூறும் தூரத்தை எழுத்திற் கேட்டு வாங்குங்கள். வாசித்தறிய முடியாத பத்திரத்தில் ஒப்பமிடாதீர்கள். குறை கண்டால் மூன்று மாதங்களுக்குள் முறையிடுங்கள்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்றனர் முன்னோர். நாம் வாங்குவது தானமன்று. வியர்வை சிந்தி ஈட்டிய பணத்துக்கு வாங்குகின்றோம். பல்லைப் பார்க்கும் உரிமை நமக்குண்டு. பார்க்க வழிசெய்யும் கடமை அரசாங்கத்துக்குண்டு.