தர்க்கித்தவளின் குரல்

இல்லறத்தில் பிணக்கு நேர்ந்தால் 'பொறுத்துப் போ' என்பதே பெண்ணுக்கு நாம் சொல்லிவரும் முதல் அறிவுரை. இஸ்லாமியக் குடும்பங்களில் இதற்கு மார்க்கத்தின் பெயரும் துணைக்கு வந்துவிடுகிறது. திருக்குர்ஆன் காட்டும் வழியோ வேறு.

அதன் 58-ஆம் அத்தியாயத்தின் பெயருக்குத் 'தர்க்கிப்பவள்' என்று பொருள் கொள்வர். மதீனாவில் கவ்லா என்ற பெண்ணை, அவர் கணவர் அவ்ஸ் கோபத்தில் தன் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுவிட்டார். அன்றைய அரபு வழக்கில் அது மணவிலக்குச் சொல். சொல்லப்பட்டவள் மனைவியும் அல்லள். வேறு வாழ்வு தேடிக்கொள்ளவும் வழியில்லை. கவ்லா விதியே என்று அடங்கியிருக்கவில்லை. நபிகள் நாயகத்திடம் சென்று திரும்பத் திரும்ப வாதாடினார். அம்முறையீடு இறைவனால் கேட்கப்பட்டது என்ற அறிவிப்புடனேயே அத்தியாயம் தொடங்குகிறது. அவ்வழக்கத்தைக் கண்டிப்பதோடு, மனைவியை மீண்டும் நெருங்குமுன் கணவன் செய்ய வேண்டிய பரிகாரத்தையும் விதிக்கிறது: ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், இயலாவிடில் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு, அதுவும் இயலாவிடில் 60 ஏழைகளுக்கு உணவு. நாக்கு தவறி விழுந்த ஒரு சொல்லுக்கு இத்தனை விலை.

நான்காம் அத்தியாயம், பிளவு அஞ்சப்படும்போது இரு குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தச் சொல்கிறது. தலாக்கிற்கு முன் இத்தகைய சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்று 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. உடனடி முத்தலாக் 2017-இல் செல்லாததாயிற்று; 2019-இல் குற்றமாயிற்று. ஆனால் சட்டம் வருவது உறவு முறிந்த பின்பு. நடுவர் அமர வேண்டியது அதற்கு முன்பு.

தமிழகத்திலோ, ஆண்கள் மட்டுமே கூடும் ஜமாஅத்துகளில் பெண் தன் தரப்பை நேரில் சொல்ல இடமின்றியே தீர்ப்புகள் வழங்கப்பட்டன. இதை எதிர்த்தே புதுக்கோட்டை ஷரீஃபா கானம் உள்ளிட்ட பெண்கள் தமக்கென ஒரு ஜமாஅத்தை அமைத்தனர். அதை மார்க்கத்திற்குப் புறம்பானது என்போர் கவ்லாவை எங்கே வைப்பார்கள்?

குடும்பத்து அந்தரங்கம் தெருவுக்கு வரலாகாது என்பதை நாமும் ஏற்கிறோம். இரு வீட்டு நடுவர் என்ற ஏற்பாடே அந்தரங்கம் காப்பதுதான். ஆயின் அந்தரங்கம் காப்பது வேறு, வாயைக் கட்டுவது வேறு. மனைவியை எதிரே அமர்த்தி, அவர் சொல்வதை முழுதும் கேட்காமல் எந்த ஜமாஅத்தும் ஒரு மணவழக்கை முடித்துவைக்கலாகாது என்பதே எம் கருத்து.