ஜெரண்ட் நமக்குப் புதிதல்ல

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஜெரண்ட், அதாவது பெயர்ச்சொல் போல வரும் 'இங்' வடிவம், ஆங்கிலத்துக்கே உரிய வம்பு. தமிழில் அதற்கு இணை கிடையாது. எந்த வினைக்குப் பின் 'டு', எதற்குப் பின் 'இங்' என்ற பட்டியலை உருப்போடுவதுதான் ஒரே வழி." பட்டியல் கொஞ்சம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் தவறு.

இணை இல்லையாம். 'கடிதத்தைத் தபாலில் போட மறந்தேன்' என்றால் அது இன்னும் பையிலேயே கிடக்கிறது. 'போட்டதை மறந்தேன்' என்றால் போய்விட்டது, நினைவுதான் இல்லை. 'ஃபர்காட் டு போஸ்ட்', 'ஃபர்காட் போஸ்டிங்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அச்சு அசல் இதுதான். 'ஸ்டாப்டு டு டாக்': பேச நின்றார். 'ஸ்டாப்டு டாக்கிங்': பேசுவதை நிறுத்தினார். 'ட்ரை' இன்னும் அழகு. 'ட்ரைடு டு ஓப்பன்' என்றால் ஜன்னலைத் திறக்கப் பார்த்தான், அது இறுகிப்போயிருந்தது. 'ட்ரைடு ஓப்பனிங்' என்றால் திறந்து பார்த்தான், புழுக்கம் குறையவில்லை. எச்சமும் தொழிற்பெயரும் நம் வாயில் தினமும் செய்கிற வேலைதானே இது!

'எதைப் போட்டாலும் அர்த்தம் ஒன்றுதான்' என்பவர்களுக்கும் இதுவே பதில். 'பிகின்', 'ஸ்டார்ட்' போன்ற சில வினைகளில் மட்டும் பெரும்பாலும் அது சரி.

அதிகம் கெடுத்தது இன்னொரு சூத்திரம்: 'டு வந்தால் பின்னால் வெறும் வினைதான்.' வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுவது இதனால்தான். அந்த 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த இன்டர்வியூ' பொருந்துகிறது. ஆகவே 'மீட்டிங் யூ'தான் சரி. 'வான்ட் டு த இன்டர்வியூ' பொருந்தாது. அங்கே 'வான்ட் டு மீட்'.

சரி, பட்டியல்? 'எழுத முடித்தேன்' என்று நாம் சொல்வதில்லை, 'எழுதி முடித்தேன்' என்கிறோம். 'ஃபினிஷ்டு டு ரைட்' அதே போலக் காதில் இடிக்க வேண்டும். 'அவாய்ட்' வந்தால் 'போவதைத் தவிர்த்தேன்' கைகொடுக்கும். 'சஜஸ்ட்' மட்டும் நம்மைக் கைவிடுகிறது. 'போகலாம் என்றார்' என்று யோசித்து 'சஜஸ்டட் டு கோ' என்று எழுதிவிடுகிறோம். 'சஜஸ்டட் கோயிங்' என்பதே சரி. 'என்ஜாய்', 'மைண்ட்' போல இன்னும் சிலவும் உண்டு. இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

ஆங்கில ஆசிரியர்களே, அந்தப் பட்டியலைப் பலகையில் எழுதும் முன் பிள்ளைகளின் தமிழ் இலக்கணப் புத்தகத்தையும் மேசைமேல் எடுத்து வையுங்கள்.