செத்ததைத்தான் மாற்றுகிறார்கள்

பி0420 என்று ஸ்கேனர் காட்டியதுமே கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றச் சொல்வதை ரிப்பேர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெக்சாஸில் என் 2003 மாடல் பிக்கப்புக்கு அப்படி இரண்டு முறை மாற்றியாயிற்று. விளக்கு மறுபடி எரிகிறது. இப்போ மூணாவதாம்! சரி, முன்னாடி போட்ட ரெண்டும் ஏன் செத்துச்சு? அதை மட்டும் யாரும் கேக்கறதில்லை.

கன்வர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது, அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் அர்த்தம். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, தேன்கூடு மாதிரியான பீங்கானையே உருக்கிவிடும். எஞ்சின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பிளாட்டினத்தை மூடிவிடும். ஆக்சிஜன் சென்சாருக்கு அருகே புகைக்குழாயில் சின்ன ஓட்டை விழுந்தால் நல்ல கன்வர்ட்டரும் கெட்டதாகத் தெரியலாம். இதையெல்லாம் தேடினால் பட்டறைக்குக் கூலி மட்டும்தான். புதுசு போட்டால் பில் பெரிசு.